மாலைக்கண்ணும் வம்சமும்: திருகோணமலையில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

என் தம்பிக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. நீளமான பெயர் என்பதால் எல்லோரும் ஆர்.பி. என்றே சொல்வார்கள். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும் பரம்பரை நோய். அவனோடு இருபது வருடங்களுக்கு மேலாகக் கண் கிளினிக் வாங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன், திருகோணமலையிலும் கொழும்பிலும். நான் டொக்டர் இல்லை. விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது எப்படியோ தெரிந்துவிடும், கேட்கத் தொடங்குவார்கள். பிறகு வீட்டுக்கும் வந்து கேட்டார்கள். ஒரே கேள்விகள்தான், ஆட்கள் மட்டும் வேறு. கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆர்.பி. எண்டா எங்கட ஆக்கள் சொல்ற மாலைக்கண்தானே?

பாதி சரி. மாலைக்கண் ஒரு அறிகுறி, அதற்குக் காரணம் ஒன்றல்ல. விற்றமின் ஏ குறைந்தாலும் பொழுதுபட்ட பிறகு கண் தெரியாது. அது ஊட்டம் கொடுத்தால் மாறிவிடும், பரம்பரையோடு சம்பந்தமில்லை. ஆர்.பி. அப்படியல்ல. மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் கோல் கலங்கள் முதலில் சாகின்றன, பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்குமான கூம்புக் கலங்கள் பின்னால் போகின்றன. அதனால் முதலில் இரவுப் பார்வை குறையும், அப்புறம் பக்கப் பார்வை சுருங்கும். கடைசியில் குழாய்க்குள்ளால் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். இதற்குப் பத்து வருடமும் எடுக்கலாம், ஐம்பது வருடமும் எடுக்கலாம்.

என் தம்பி பதினாறு வயதில் கோட்டைப் பக்கம் பொழுதுபடும் நேரம் சைக்கிளில் வந்து, வீதியோரம் படுத்திருந்த மான்மேல் ஏற்றிவிட்டான். எங்கள் ஊரில் மான் வீதியில் படுப்பது புதினமில்லை, அதனால் எல்லோரும் சிரித்தோம். பக்கத்தில் நின்று கைகாட்டியவர்களைக் காணாமல் போவான். பெருமை பிடித்தவன் என்று பெயர் எடுத்தான். கண் டொக்டர் விழித்திரையைப் பார்த்து, ஓரங்களில் கறுப்புப் புள்ளிகள் சிதறியிருப்பதாகச் சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது.

எங்கட வீட்டில நாலு தலைமுறையா ஒருத்தருக்கும் இல்லை. பிறகெப்படிப் பரம்பரை எண்டு சொல்றது?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். கேட்கும்போது குரலில் கொஞ்சம் கோபமும் இருக்கும், யாரோ குடும்பத்துக்குப் பழி சொன்னது போல.

ஒவ்வொரு மரபணுவிலும் (பாடப்புத்தகத்தில் பரம்பரையலகு என்று படித்திருப்பீர்கள்) நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. பாடக் கொப்பி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொப்பியில் எழுத்துப்பிழை இருந்தாலும் மற்றக் கொப்பி சரியாக இருந்தால் கண் வேலை செய்யும். அப்படிப்பட்டவர் பிழையைச் சுமக்கிறார், ஆனால் அவருக்கு நோய் இல்லை. அவருக்கே அது தெரியாது. இரண்டு கொப்பியிலும் பிழை உள்ள பிள்ளை பிறக்கும்போதுதான் நோய் வெளியே தெரியும். நாலு தலைமுறையாக ஒருவருக்கும் இல்லை என்றால் நாலு தலைமுறையாகப் பிழையான கொப்பி ஒன்று சத்தமில்லாமல் கைமாறி வந்திருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் பொருள். அபூர்வமாகப் பிள்ளையிலேயே புதிதாகப் பிழை விழுவதும் உண்டு.

நாங்கள் ஒவ்வொருவரும் இப்படி ஏதோ சில பிழைகளைச் சுமந்துகொண்டுதான் திரிகிறோம். கண்ணுக்கு இல்லாவிட்டால் காதுக்கு, இரத்தத்துக்கு, வேறெதற்கோ.

அப்ப குறை தாய் பக்கமா, தகப்பன் பக்கமா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் மாமியார்கள்தான் கேட்பார்கள். சரி, சொல்கிறேன். ஆர்.பி.யை உண்டாக்கக்கூடிய மரபணுக்கள் 80க்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. அதனால் பெயர் ஒன்றானாலும் நோய் ஒன்றல்ல, வரும் வழியும் மூன்று.

முதல் வழி மேலே சொன்னது. இரண்டு பக்கமும் சமமாகக் கொடுத்தால்தான் வரும், எனவே பழி போட இடமில்லை. இதை ஒடுங்கிய முறை என்பார்கள். பெற்றோர் இருவரும் பிழை சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் தாயம் புதிதாகத்தான் உருட்டப்படுகிறது.

இரண்டாவது ஆட்சியான முறை. ஒரு கொப்பி பிழையானாலே நோய் வரும். தாய்க்கோ தகப்பனுக்கோ இருக்கும், பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தலைமுறை தோறும் தெரியும். ஆனால் சில வகைகளில் பிழை இருந்தும் நோய் காட்டாதவர்கள் இடையில் வந்து ஏமாற்றுவதுண்டு. மூன்றாவது எக்ஸ் நிறமூர்த்தத்தில் (மரபணுக்களைக் கட்டிவைத்திருக்கும் இழைகளில் ஒன்று, பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்றுதான்) உள்ள பிழை. தாய் சுமப்பாள், ஆண்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வரக்கூடும். சுமக்கும் பெண்களில் சிலருக்கும் இரவுப் பார்வை கொஞ்சம் மங்கும். நோயுள்ள தகப்பனிடமிருந்து மகனுக்கு இந்த வகை போகவே போகாது, மகள்மார் எல்லோரும் சுமப்பார்கள். தாய்வழியாக மட்டும் வரும் இன்னொரு கண் நோயும் உண்டு, லீபர் பார்வை நரம்பு நோய் என்று பெயர். அது ஆர்.பி. அல்ல.

சொந்தத்துக்குள்ள முடிச்சதாலதான் வந்ததா?

என் அம்மா சாகும்வரை தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி. அம்மாவும் அப்பாவும் மச்சான் மச்சாள். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பரீட்சைத் தாள் திருத்திய எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். இரண்டு பிள்ளைகள் சரியான விடையை ஒரே மாதிரி எழுதினால் ஆச்சரியமில்லை. இருவரும் ஒரே பிழையை, ஒரே இடத்தில், ஒரே மாதிரி விட்டிருந்தால் இரண்டு பேரும் ஒரே கொப்பியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மரபணுவிலும் இதே கதைதான். சொந்தமில்லாத இருவரிடம் பிழைகள் இருக்கும், ஆனால் அவை பெரும்பாலும் வேறு வேறு இடங்களில் இருக்கும். மச்சானும் மச்சாளும் ஒரே பாட்டன் பாட்டியின் கொப்பியைப் பார்த்து எழுதியவர்கள். அவர்களின் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவானது. அதனால் ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. தாய்மாமனையே கட்டினால் அந்தப் பங்கு நாலில் ஒன்று. ஆர்.பி. உலகளவில் ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தென்னிந்தியாவில் நடந்த கணக்கெடுப்புகளில் இதைவிடப் பல மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. அங்கே சொந்தத்தில் மணப்பது வழக்கமாக இருப்பது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையோடு பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2, 3 அளவில் உண்டு. மச்சான் மச்சாள் தம்பதிக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அதாவது நூற்றில் தொண்ணூறுக்கு மேல் பிள்ளைகள் நல்லபடியாகத்தான் பிறக்கிறார்கள். கலியாணம் பிழையைப் படைக்கவில்லை, முன்னமே இருந்த பிழைகளைச் சந்திக்க வைத்தது, அவ்வளவுதான். அம்மாவுக்கு இதை எத்தனையோ தரம் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி பிள்ளை" என்பா. அடுத்த வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலில் அதே கண்ணீரோடு நிற்பா.

மாமா மகள், மாமி மகள் முறையான பொம்பிளைதானே. சித்தப்பா மகளைத்தான் கட்டக்கூடாது. முறை சரியெண்டா பயமில்லைதானே?

முறை நாங்கள் வகுத்தது, அது மரபணுவுக்குத் தெரியாது. மாமா மகளோடு உங்களுக்குள்ள பங்கும் சித்தப்பா மகளோடு உள்ள பங்கும் ஒன்றேதான், எட்டில் ஒன்று. நாங்கள் ஒருத்தியை மச்சாள் என்கிறோம், மற்றவளைத் தங்கச்சி என்கிறோம். கொப்பி இரண்டு வீட்டிலும் ஒரே அளவில்தான் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது.

மட்டக்களப்புப் பக்கம் சம்பந்தம் உள்ளவர்கள் குடி (குலப் பிரிவு) பற்றிக் கேட்பார்கள். அங்கே குடி தாய்வழியாக எண்ணப்படுகிறது, ஒரே குடிக்குள் கட்டுவதில்லை. ஒரே குடிக்குள் கட்டாவிட்டால் தாயின் சகோதரி பிள்ளைகள் விலக்கப்படுவார்கள், அது உண்மை. ஆனால் மாமா மகள் வேறு குடி, எனவே வழி திறந்தே இருக்கிறது. வேறு குடி என்பதை வைத்து வேறு இரத்தம் என்று நினைத்துவிட வேண்டாம்.

நாங்க சொந்தமே இல்லை. ஆனா ரெண்டு பேரும் ஒரே ஊர். ரெண்டு பிள்ளைக்கும் வந்திட்டுதே?

உங்களுக்குத் தெரிந்த அளவில் சொந்தமில்லை. ஆறு ஏழு தலைமுறைக்கு முன்னால் போனால் தெரியாது. சின்ன ஊர், வெளியே பெண் எடுப்பது குறைவு, கோயிலும் கடலும் வயலும் ஒன்று என்றால் இரண்டு வீட்டு வேர்களும் எங்கோ ஓரிடத்தில் பின்னியிருக்கும். கொப்பி மிகப் பழையது, யார் யாரிடம் பார்த்து எழுதினார்கள் என்பதை மறந்துவிட்டோம்.

இதற்கு உலகில் சொல்லப்படும் பெரிய உதாரணம் பசிபிக்கில் உள்ள பிங்கெலாப் என்ற சின்னத் தீவு. 1775 ஆம் ஆண்டளவில் ஒரு பெரும் புயல் அடித்து, ஏறத்தாழ இருபது பேர்தான் மிஞ்சினார்கள். தப்பியவர்களில் ஒருவர் பிழையான கொப்பி ஒன்றைச் சுமந்திருந்தார். அவர்களின் வழித்தோன்றல்களில் இன்று நூற்றுக்கு 5 முதல் 10 பேர்வரை நிறமே தெரியாதவர்கள், வெயில் வெளிச்சத்தில் கண் கூசி மூடுகிறவர்கள். அது ஆர்.பி. அல்ல, கூம்புக் கலங்களின் நோய். வேறு ஊர்களில் பல்லாயிரம் பேரில் ஒருவருக்கு வருவது.

இந்தக் கதையைச் சொன்னதும் மூதூரிலிருந்து வந்த ஒரு அக்கா, "அப்ப சுனாமிக்குப் பிறகு எங்கட ஊரும் அப்படி ஆகுமா?" என்று கேட்டா. ஆகாது. பிங்கெலாப் மிச்ச உலகத்திலிருந்து தனித்துக் கிடந்தது, மிஞ்சிய அந்தச் சிலரே தங்களுக்குள் தலைமுறை தலைமுறையாக மணந்தார்கள். எங்கள் பிள்ளைகள் வவுனியாவிலும் கொழும்பிலும் கட்டாரிலும் போய்ப் பெண்ணும் மாப்பிள்ளையும் எடுக்கிறார்கள்.

எந்த இனத்துக்கு, எந்தச் சாதிக்குக் கூட வரும்? சிங்கள ஆக்களுக்கு இது குறைவெண்டு சொல்றாங்க.

யார் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் வராது. ஆர்.பி. எல்லா இனத்திலும் இருக்கிறது. கண் கிளினிக் வாங்கில் தம்பலகாமத்துத் தமிழரும் கிண்ணியா முஸ்லிமும் கந்தளாய்ச் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம், ஒரே மருந்துத் துளியை விட்டுக்கொண்டு. இலங்கைத் தமிழரும் சிங்களவரும் மரபணு அளவில் நெருங்கியவர்கள் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

வம்சத்துக்கு இதில் இடமே இல்லை என்று சொல்லவில்லை. வம்சம் என்பதை இனத்தின் பெயராக எடுப்பதுதான் பிசகு. எந்த முன்னோரிடம் எந்தப் பிழை இருந்தது, அவருடைய பிள்ளைகள் எங்கே பெருகினார்கள் என்பதுதான் வம்சம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்களிடம் டி.எச்.டி.டி.எஸ். என்ற மரபணுவின் ஒரே ஒரு குறிப்பிட்ட பிழை அடிக்கடி காணப்படுகிறது. ஜப்பானில் இ.ஒய்.எஸ். என்ற மரபணுதான் முன்னால் நிற்கிறது. அமெரிக்காவின் லூசியானாவில் குடியேறிய பிரெஞ்சு வம்சத்து அகாடியர்களிடம், காதும் கண்ணும் சேர்ந்து போகும் அஷர் நோயின் ஒரு வகை கூடுதல்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1990 இல் கண்டுபிடித்த ரொடொப்சின் மரபணுப் பிழை. ஆர்.பி.க்குக் காரணமாக முதலில் பிடிபட்ட பிழைகளில் அது ஒன்று. அமெரிக்க வெள்ளையர்களின் ஆட்சியான வகை ஆர்.பி.யில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு அதுவே காரணம். ஆனால் அவர்களுடைய பூர்வீகமான ஐரோப்பாவிலேயே அது அபூர்வம். எங்கோ ஒரு முன்னோர் கப்பலேறிப் போய், அங்கே பிள்ளை குட்டி பெருகியிருக்கிறார். இரு பக்கமும் வெள்ளையர்தான். இனத்தின் பெயரை மட்டும் வைத்துப் பார்த்தால் இதை எப்படி விளக்குவது?

என்ட அப்பம்மா பறங்கி (போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தவ). கலப்பு ரத்தத்துக்கு நோய் வராதெண்டு சொல்றது உண்மையா?

ஒடுங்கிய வகைக்குக் கலப்பு நல்லதுதான், ஒரே பிழை இரண்டு பக்கமும் இருப்பது அரிது என்பதால். ஆட்சியான வகைக்கும் எக்ஸ் வகைக்கும் அது ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு ஒரு கொப்பி போதும். இன்னொன்று, பறங்கியரும் இங்கே சின்னச் சமூகம். தங்களுக்குள்ளேயே பல தலைமுறை கட்டியிருந்தால் ஒரே ஊர்க் கேள்விக்குச் சொன்னது அவர்களுக்கும் பொருந்தும்.

கனடாவில இருக்கிற மருமகன் எச்சில் அனுப்பி வம்சம் பாத்தவன். தென்னிந்தியா, இலங்கை எண்டு வந்திருக்கு. நோய் ஒண்டும் இல்லையாம். அப்ப எங்களுக்கும் பயமில்லைதானே?

அது வம்சம் பார்க்கும் விளையாட்டுச் சோதனை, கண் நோய்ச் சோதனை அல்ல. ஒரு முழுப் புத்தகத்தில் அங்கங்கே குறித்துவைத்த சில லட்சம் எழுத்துகளை மட்டும் பார்த்து, இது எந்த ஊர் எழுத்து நடை என்று சொல்வது போன்றது அது. உங்கள் குடும்பத்தின் எழுத்துப்பிழை அந்தக் குறித்த இடங்களில் இல்லாவிட்டால் அதன் கண்ணில் படவே படாது. நோய் இல்லை என்று வந்தால், பார்த்த இடங்களில் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மருமகன் உங்கள் அக்கா மகனாக இருந்தாலும், அவனிடம் இல்லாதது உங்களிடம் இருக்கலாம். பாதிப் பாதியாகத்தான் கைமாறுகிறது.

அப்ப டொக்டர் எழுதித் தாற மரபணுச் சோதனையில கட்டாயம் தெரியும்தானே?

பல குடும்பங்களுக்குத் தெரிகிறது, எல்லோருக்கும் இல்லை. கண் நோய் மரபணுக்களை முழுதாக வாசித்தாலும் கணிசமான பேருக்குக் காரணம் அகப்படுவதில்லை. வம்சம் இங்கே இன்னொரு விதத்தில் குறுக்கே வருகிறது. ஒரு எழுத்து மாறியிருந்தால் அது பிழையா, இல்லை இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்களா என்று பார்க்க, ஆயிரக்கணக்கான சுகதேகிகளின் மரபணுவோடு ஒப்பிட வேண்டும். உலகத் தரவுத் தொகுப்புகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவர். தெற்காசியர் குறைவு, அதிலும் எங்களைப் போன்றவர்கள் மிகக் குறைவு. அதனால் எங்கள் அறிக்கைகளில் "முக்கியத்துவம் தெளிவற்ற மாற்றம்" என்ற வரி கூடுதலாக வருகிறது. என் தம்பிக்கும் முதலில் அதுதான் வந்தது. அது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை.

அப்படி வந்தால் தாய் தகப்பனின் இரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கக் கேட்பார்கள். அந்த மாற்றம் நோயோடு சேர்ந்து நடக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போது இரத்தம் கொடுப்பது நல்லது. எங்களுக்கு அப்பா இல்லாமல் போய்விட்டார். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983 இல் தொடங்கிய மனித மரபியல் பிரிவு இருக்கிறது. கண் டொக்டரின் கடிதத்தோடு போனால் ஆலோசனை சொல்வார்கள். இரவு ரயில் ஏறினால் காலையில் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். ஆர்.பி. உள்ளவரை இரவில் ரயிலின் படிப் பக்கம் தனியாக விடாதீர்கள்.

மகனுக்கு இருக்கு. மகளுக்கு இப்ப கலியாணம் பேசுறம். சொல்லத்தான் வேணுமா?

சொல்லுங்கள். சாதகத்தில் செவ்வாய்க் குற்றத்தைத் துருவித் துருவிப் பார்க்கும் நாங்கள் இதை மட்டும் ஒளிப்பது எனக்குப் புரிவதில்லை. முக்கியமாக மாப்பிள்ளை சொந்தத்துக்குள் என்றால்.

கணக்கைப் பாருங்கள். ஒடுங்கிய வகை என்று வைத்துக்கொள்வோம். நோயில்லாத உங்கள் மகள் பிழையைச் சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. சொந்தமில்லாத ஒருவரைக் கட்டினால், அவர் அதே மரபணுவில் பிழை சுமக்கும் வாய்ப்பு ஒரு பேச்சுக்கு நூற்றில் ஒன்று என்று எடுத்தால், பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 600இல் ஒன்று. அதே மகள் தன் மாமா மகனைக் கட்டினால் அவர் சுமக்கும் வாய்ப்புக் குறைந்தது நாலில் ஒன்று. பிள்ளைக்கு 24இல் ஒன்று. பொம்பிளை அதே பொம்பிளைதான், வித்தியாசம் மாப்பிள்ளை எந்த வீடு என்பதில் இருக்கிறது. வெளியே கட்டுகிற மகளைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை என்று மாப்பிள்ளை வீட்டுக்கு இந்தக் கணக்கையே காட்டலாம். ஒரு சம்பந்தத்தை இப்படிக் கடதாசியில் எழுதிக் காட்டித்தான் காப்பாற்றினேன். இன்னொன்று முறிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நோய் உள்ள பொடியனே கலியாணம் கட்டினா பிள்ளைகளுக்கு வருமா?

வகையைப் பொறுத்தது. மூன்று வழிகளையும் தாய் பக்கமா தகப்பன் பக்கமா என்ற கேள்வியில் எழுதியிருக்கிறேன். ஒடுங்கிய வகையென்றால் அவர் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பிழையான கொப்பியைக் கொடுப்பார், மாற்ற முடியாது. மற்றக் கொப்பி மனைவியிடமிருந்து வருவது. சொந்தமில்லாத மனைவி என்றால், மேலே எடுத்த அதே கணக்கில் 200இல் ஒன்று. மாமா மகள் என்றால் 8இல் ஒன்று. என் தம்பி சொந்தமில்லாத ஒருத்தியைத்தான் கட்டினான், வந்தாறுமூலைப் பக்கம். பிள்ளைகள் இரண்டு. இருவருமே இருட்டில் பட்டம் கூட விடுவார்கள் போலிருக்கிறது.

மாமாவுக்கு அறுபது வயதிலயும் இரவில நல்லாக் கண் தெரியுது. அப்ப மாமா மகள்ல பிரச்சினை இல்லைதானே?

நல்ல கேள்வி, பலர் சறுக்கும் இடம். உங்கள் நோய் எக்ஸ் வகை என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான், மாமாவிடம் பிழை இருந்திருந்தால் இந்த வயதுக்கு அவருக்கே தெரிந்திருக்கும். அவருடைய நல்ல எக்ஸ்தான் மகளுக்குப் போயிருக்கிறது.

ஒடுங்கிய வகை என்றால் மாமாவின் கண் ஒன்றையும் காட்டாது. அவர் ஒரு பிழையான கொப்பியோடு நூறு வயதிலும் இரவில் வலை வீசலாம். எந்த வகை என்று தெரியாமல் மாமாவின் கண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

குடும்பப் படம் போட்டு வரச் சொல்றாங்க. விபரம் தெரிஞ்ச ஆக்கள் 1990 சண்டையிலயும் சுனாமியிலயும் போயிட்டாங்க. என்ன செய்ய?

தெரிந்ததை மட்டும் போடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவரை நிரப்புங்கள், சொந்தத்தில் கட்டியவர்களுக்கிடையில் இரட்டைக் கோடு. நோயின் பெயர் தேவையில்லை. "இரவில் கடலுக்குப் போகமாட்டார்", "பொழுதுபட்டால் படலையைத் தாண்டமாட்டா", "காதும் கேளாது" என்று பேச்சோடு பேச்சாக வருவதை அப்படியே எழுதுங்கள். என் அம்மாவின் பெரியப்பா ஒருவரைப் பற்றி, "அவர் திருவிழாவுக்கு வந்தால் விடிந்த பிறகுதான் வீட்டுக்குப் போவார், அவ்வளவு பக்தி" என்று ஒரு கிழவி சொன்னா. பக்தியோ, இல்லை இருட்டோ! படத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இடம்பெயர்ந்து போனவர்களிடம் தொலைபேசியில் கேளுங்கள். தஸ்தாவேஜு இல்லாவிட்டாலும் யார் யாரைக் கட்டினார்கள் என்பது எங்கள் ஆட்களுக்கு மறக்காது. கலியாண வீட்டில் யார் வரவில்லை என்பதும் மறக்காது.

கண்தானம் செய்யிறாங்களே, கண்ணை மாத்தினா சரிவராதா?

வராது. இலங்கைக் கண்தானச் சங்கம் 1961 இல் ஹட்சன் சில்வா தொடங்கியது, வெளிநாடுகளுக்கும் அனுப்பிப் பெயர் எடுத்தது. அங்கே எடுப்பது கண்ணின் முன்பக்கத்து விழிவெண்படலத்தை மட்டும். ஆர்.பி. பின்பக்கத்து விழித்திரையில் இருக்கிறது.

அப்ப மருந்தே இல்லையா? கரட், முருங்கைக்கீரை, விற்றமின் குளிசை?

கீரை சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது, கொப்பியைத் திருத்தாது. விற்றமின் ஏ குளிசையைக் கடையில் வாங்கி நீங்களாகவே கூடுதலாகப் போட வேண்டாம். அளவு மிஞ்சினால் ஈரலுக்குக் கேடு, கர்ப்பிணிகளுக்கு ஆபத்து, சில மரபணு வகைகளில் கண்ணையே கெடுக்கும். கண் சுகமாக்கித் தருகிறோம் என்று ஸ்டெம் செல் ஊசிக்குக் காசு கேட்பவர்களிடம் காணியை விற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரேயொரு மரபணுவுக்கு மருந்து வந்திருக்கிறது. ஆர்.பி.இ.65 என்ற மரபணுவின் இரண்டு கொப்பியும் பிழையானவர்களுக்கு லக்ஸ்டர்னா என்ற மரபணுச் சிகிச்சையை 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. வந்த புதிதில் அதன் விலை இரண்டு கண்ணுக்கும் எட்டரை லட்சம் டொலராக இருந்தது. அந்த மரபணு இல்லாதவருக்கு அதனால் பயன் இல்லை. எனவேதான் எந்த மரபணு என்று தெரிந்திருப்பது பயனுள்ளது. ரெஃப்சம் போன்ற சில அபூர்வ வகைகளுக்கு உணவுக் கட்டுப்பாடே சிகிச்சை. ஆர்.பி.யோடு சேர்ந்து வரும் கண்புரையையும் விழித்திரை நடுவில் வரும் வீக்கத்தையும் கவனிக்க வழியுண்டு. ஒன்றும் செய்ய ஏலாது என்று கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். என் தம்பிக்கு நாற்பத்து நாலில் புரை எடுத்த பிறகு பேப்பர் தலைப்பு வாசிக்க முடிந்தது.

கிளுக்கோமாவும் (கண் அழுத்த நோய்) வம்சத்தாலயா வருது?

பங்கு உண்டு, ஆனால் ஆர்.பி. மாதிரி ஒற்றைப் பிழைக் கதையல்ல. பல மரபணுக்கள், வயது, கண்ணின் அமைப்பு எல்லாம் சேரும். ஆபிரிக்க வம்சத்தவருக்குத் திறந்த கோண வகையும் (கண்ணுக்குள் நீர் வடியும் மூலை திறந்தே இருப்பது), கிழக்காசியருக்கு அந்த மூலை அடைபடும் அடைபட்ட கோண வகையும் கூடுதல். தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களுக்கு இருந்தால் நாற்பது வயதில் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குத் துளிமருந்து இருக்கிறது, நேரத்தோடு பிடித்தால் கண்ணைக் காக்கலாம்.

சின்னவனுக்கும் இருக்கா எண்டு வீட்டிலயே பாக்கலாமா?

சந்தேகத்தைப் பிடிக்கலாம், நோயைத் தீர்மானிக்க முடியாது. கரண்ட் நின்றால் மற்றப் பிள்ளைகள் பழகிக்கொள்ளும் நேரத்துக்குள் அவன் பழகிக்கொள்கிறானா? பக்கத்தில் வந்த பந்தைக் காணாமல் விடுகிறானா? சினிமாக் கொட்டகைக்குள் உங்கள் கையை விடாமல் பிடிக்கிறானா? செருப்பைக் கீழே தடவித் தேடுகிறானா? இரண்டு மூன்று ஆம் என்றால் கண் டொக்டரிடம் காட்டுங்கள். கண்ணுக்குள் மருந்து விட்டுப் பார்ப்பார், பக்கப் பார்வை அளப்பார், தேவையென்றால் விழித்திரையின் மின் அலைகளை அளக்கும் சோதனைக்கு அனுப்புவார். மருந்து விட்ட பிறகு சில மணி நேரத்துக்கு வெயில் கூசும், கிட்டப் பார்வை மங்கும். தொப்பி கொண்டுபோங்கள், அன்றைக்குப் பின்னேர ரியூஷனுக்கு அனுப்பாதீர்கள். குடும்பப் படத்தையும் மறக்காமல் கொண்டுபோங்கள். போன தரம் நான் என்னுடையதை வீட்டு மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.